குரங்கு நம் தாத்தா இல்லை, பங்காளி: பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தியபோது நான் கற்றுக்கொண்டவை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பொதுத்தேர்வில் அதிலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று கணக்குப் போட்டு இரண்டே பீரியடில் முடித்துவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. நானும் அப்படியே போயிருப்பேன். போகவிடாமல் செய்தது 2012இல் நான் திருத்திய ஒரு விடைத்தாள்.

திருவள்ளூர் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு அது மூன்றாவது வருடம். அப்போது பழைய புத்தகம், மரபும் பரிணாமமும் ஒரே பாடமாக இருந்தது. வகுப்பில் 42 பேர். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், இஸ்லாமியப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் லீவு போடுகிறவர்கள். இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்கு ஒத்துப்போகிற உயிர்கள் அதிகம் பிழைத்துப் பெருகுவதை, விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கேட்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற ஒரு பெண் அழகாக எழுதியிருந்தாள், ஒரு பாயின்ட் கூட விடவில்லை. கடைசி வரிக்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில்: "இது புத்தகத்தில் இருப்பது. நான் இதை நம்பவில்லை. என்னை தேவன் படைத்தார்."

அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'தேவையற்றது' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்தேன். எதற்குக் குறைத்தேன் என்று இன்றைக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. கேட்ட கேள்விக்கு அவள் முழுப் பதில் எழுதியிருந்தாள். அவள் வந்து சண்டை போடவில்லை, ஆனால் அதற்கப்புறம் என் வகுப்பில் கை தூக்குவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். சின்னச் சபை ஒன்றை நடத்துகிற பாஸ்டர். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், பாடத்தை நடத்துங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா வீட்ல நாங்க சொல்லித் தர்றது பொய்னு எம் பொண்ணுகிட்ட சொன்னீங்களாமே, அதையும் பாடத்துலதான் போட்டிருக்கா?" என்று கேட்டார். பாடத்தில் இல்லைதான். ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததெல்லாம் கதை என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேகத்தில் சொல்லியிருந்தேன். அதை ஒத்துக்கொள்ள மனசு வராமல், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1996லேயே பரிணாமத்தை வெறும் கருதுகோள் என்று ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டாரே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "போப் கத்தோலிக்கருக்குத் தலைவர், டீச்சர். எங்களுக்கு இல்லையே."

எதிரில் இருப்பவருடைய மதத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அவருக்கே விளக்கப் போகக்கூடாது என்பது அன்றைக்குப் புரிந்தது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நம்புவதில்லை. ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதன் பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு. இஸ்லாமியர்களிலும் அப்படித்தான்: மற்ற உயிர்களுக்குப் பரிணாமம் சரி, ஆதம் மட்டும் தனிப் படைப்பு என்கிறவர்கள் இருக்கிறார்கள், முழுவதையும் மறுக்கிறவர்களும், முழுவதையும் ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பெயரை வைத்து அது என்ன நம்பும் என்று முடிவு கட்டியது என் தப்பு.

மறுவருடம் இன்னொரு தப்பு செய்தேன், முதல் தப்பைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு. எல்லோரையும் அனுசரித்துப் போகலாம் என்று, "நம்ம முன்னோர்களும் இதைத்தானே சொன்னாங்க, தசாவதாரத்தைப் பாருங்க, மச்சம், கூர்மம், வராகம், அப்புறம் நரசிம்மம், வாமனன்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, கைதட்டக்கூடச் செய்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "மிஸ், அப்போ எங்க வேதத்துல இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வீட்டுப் பிள்ளையைச் சந்தோஷப்படுத்த இன்னொரு வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டேன். அதைவிட, நான் சொன்னதே சரியில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஆமை ஊர்வன வகை, நீரிலிருந்து நிலத்துக்கு வந்த முதல் விலங்கு அது இல்லை. வாமனனுக்குப் பிறகு வருகிற பரசுராமர், ராமர், கிருஷ்ணர் எல்லோருக்கும் நம்மைப் போல மனித உடம்புதான். மாணிக்கவாசகரின் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்பதையும் இப்படித்தான் மேடைகளில் பரிணாமம் என்று சொல்கிறார்கள். அந்த வரியைத் தொடர்ந்து படித்தால் பறவைக்குப் பிறகு பாம்பு வருகிறது, அப்புறம் கல், மனிதர், பேய், கணங்கள் என்று போகிறது. அது ஓர் உயிர் பிறவி பிறவியாக அலைந்து இளைத்த களைப்பைச் சொல்கிற பாட்டு. கோயிலில் அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும். ஆனால் பரிணாமம் ஓர் உயிரின் பயணத்தைச் சொல்வதே இல்லை. ஒரு கூட்டத்துக்குள் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டுப் பிறப்பதும், சூழலுக்கு ஒத்துப்போகிற வேறுபாடு உள்ளவர்களுக்கு அதிகம் பிள்ளைகள் தங்குவதும், தலைமுறை தலைமுறையாக அந்தக் கூட்டமே மாறிப்போவதும்தான் அது. தனி ஆள் யாரும் மாறுவதில்லை. பாட்டைப் பாடமாக்கினால் பாட்டும் கெடுகிறது, பாடமும் கெடுகிறது. மறுநாள் வகுப்பில் நேற்று நான் சொன்னது தவறு என்று எழுந்து நின்று சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகுதான் சொற்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். நம் மொழியில் இந்தப் பாடத்துக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. 'டார்வின் கொள்கை' என்கிறோம். கொள்கை என்றால் பிள்ளைகளுக்குக் கட்சிக் கொள்கைதான் ஞாபகம் வருகிறது. அவருக்கு அவர் கொள்கை, எங்களுக்கு எங்கள் கொள்கை என்று ஒரு பையன் ரொம்ப நியாயமாகச் சொன்னான், நான் சொல்லிக்கொடுத்த சொல்லுக்கு அதுதான் சரியான பதில். இப்போது 'கோட்பாடு' என்றுதான் சொல்கிறேன். கூடவே, கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான், எல்லாம் அணுக்களால் ஆனது என்பதும் கோட்பாடுதான், அறிவியலில் கோட்பாடு என்றால் நிறைய சாட்சிகளைச் சேர்த்துக் கட்டிய விளக்கம், யாரோ ஒருவருடைய அபிப்பிராயம் இல்லை என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன். அதேபோல 'பரிணாம வளர்ச்சி' என்பதில் இருக்கிற 'வளர்ச்சி'. அது வந்தாலே ஏணி வந்துவிடுகிறது, கீழே புழு, மேலே மனிதன். ஓரறிவு முதல் ஆறறிவு வரை என்று படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஏணி மனசுக்குள் ஏற்கெனவே நிற்கிறது. குகை மீனுக்குக் கண் போனதும் பரிணாமம்தான், அதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? 'பரிணாமம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்.' குனிந்த குரங்கு நாலைந்து படத்தில் நிமிர்ந்து மனிதனாகிற அந்த வரிசைப் படமும் அதற்குத் துணை. அதை நான் போர்டில் வரைவதையே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகக் குடும்பம் வரைகிறேன். உன் சித்தப்பா மகன் இருக்கிறான், அவனிடமிருந்து நீ வந்தாயா? இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா. தாத்தா இப்போது இல்லை, ஆனால் நீயும் இருக்கிறாய், அவனும் இருக்கிறான். சிம்பன்சியும் நமக்கு அப்படித்தான், பங்காளி. பொதுவான அந்த மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தது, அது இன்றைய சிம்பன்சி மாதிரியும் இல்லை, நம்மை மாதிரியும் இல்லை. கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்குகிற குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். இப்படிச் சொன்ன வருடத்திலிருந்து 'அப்படின்னா இப்ப இருக்கற குரங்கெல்லாம் ஏன் மனுஷனா மாறல?' என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிட்டது. கேட்டாலும் பக்கத்தில் இருக்கிற பிள்ளையே, "உன் சித்தப்பா பையன் ஏண்டா உன்ன மாதிரி ஆகல?" என்று பதில் சொல்லிவிடுகிறது.

அப்புறம் எலும்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி எடுத்தால் இறக்கைத் துண்டைச் சாப்பிட்டுவிட்டு எலும்பைக் கழுவிக் காயவைத்து எடுத்து வரச் சொல்வேன். (சைவ வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கவே கூடாது, கோழி எடுக்க முடியாத வீடும் இருக்கும், அதனால் நானே கறிக்கடையிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்துவிடுவேன்.) மேசையில் தாள் விரித்து வைத்தால், தோளிலிருந்து ஒரே எலும்பு, அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, அப்புறம் பொடி எலும்புகள், முடிவில் விரல். பிள்ளைகள் தங்கள் கையைத் தடவிப் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு, பொடிப்பொடியாக, விரல். ஆட்டின் முன்னங்காலிலும் அதே வரிசை, வௌவால் இறக்கையிலும் அதே வரிசை. பறக்கவும் நடக்கவும் பேனா பிடிக்கவும் ஒரே கட்டமைப்பை எதற்காகத் திருப்பித் திருப்பி வளைக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், எலும்பைப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்.

மணிக்கட்டுச் சோதனையும் உண்டு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் நுனியில் சேர்த்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் நடுவில் ஒரு நரம்பு போல எழும்பி நிற்கும். உண்மையில் அது நரம்பு இல்லை, ஒரு தசையின் நாண். சிலருக்கு எழும்பாது, ஏனென்றால் அந்தத் தசையே இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடியில் பெரிய வித்தியாசம் கிடையாது, வேறு இடத்தில் நாண் அறுந்தால் டாக்டர்கள் இதை எடுத்து அங்கே வைத்துத் தைப்பதுகூட உண்டு. மரத்தில் கையால் தொங்கித் திரிகிற உறவினர்களுக்குப் பயன்பட்ட தசை நம்மிடம் மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. முதன்முறை செய்தபோது 42 பேரில் 5 பேருக்கு எழும்பவில்லை. அதில் ஒரு பெண் தனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். அதிலிருந்து முதலில் என் இடது கையைக் காட்டி, எனக்கும் இல்லை பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

மனிதனுக்கு என்ன ஆதாரம், கோழியெல்லாம் சரி என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கிற இழைகளின் கணக்கு. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடி, நமக்கு 23. பொது மூதாதை உண்மையென்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? தேடிப் பார்த்தார்கள். நம்முடைய இரண்டாவது குரோமோசோமில் இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியிருக்கின்றன. முனையில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. எழுத்துவரிசை நடுவில் கிடக்கிறது, நடுக்கட்டு (சென்ட்ரோமியர்) ஒன்றுக்கு இரண்டாக இருந்து அதில் ஒன்று செயலிழந்திருக்கிறது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் தையல் தெரியுமே, அதே மாதிரி. இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது.

இப்போதும் மனிதர்களில் இயற்கைத் தேர்வு நடக்கிறதா என்பதற்கு நீலகிரிதான் என் உதாரணம். 1952இல் அங்கே பழங்குடி மக்களிடம் ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளையவைக்கிற அரிவாள் செல் மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கடுமையான ரத்தசோகை, ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா அதிகமாக இருந்த இடங்களில் அது தங்கிவிட்டதற்கு அதுதான் காரணம். எங்கள் வகுப்பிலும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, அதனால் இதைச் சொல்லும்போது ரொம்பக் கவனமாக இருப்பேன். ஒரு சனத்தின் குறையாக அது யார் காதிலும் விழக்கூடாது.

காலத்தைப் புரியவைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். லட்சம், கோடி என்றால் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றுதான். மைதானத்தில் கயிறு கட்டினேன். ஒரு அடி ஒரு லட்சம் வருடம். திருவள்ளுவரும் இயேசுவும் கால் அங்குலத்துக்குள் வந்துவிடுகிறார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் மூன்று அடி. சிம்பன்சியோடு பிரிந்த இடம் அறுபது, எழுபது அடியில், வாலிபால் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம். டைனோசர்கள் அழிந்தது 660 அடியில், பள்ளிச் சுவரைத் தாண்டி ரோட்டில். உயிர் தோன்றியது 35,000 அடிக்கும் மேலே, அதாவது பத்தரை கிலோமீட்டருக்கு அப்பால். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருகிற ஒரு பையன், "மிஸ், அப்ப எங்க ஊர்லதான் உயிரே ஆரம்பிச்சுதா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். கொரோனா வந்து டெல்டா, ஒமிக்ரான் என்று பெயர் அடிபட்டபோது கண்ணெதிரே உதாரணம் கிடைத்தது என்று நினைத்தேன். ஆனால், "வைரஸ் மாறி வைரஸாத்தானே மிஸ் இருக்கு" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அவளைக் கயிற்றின் நுனிக்குக் கூட்டிப் போய் இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். தலைமுடி கனம்கூட வரவில்லை.

இதையெல்லாம் செய்தாலும் 'நம்புகிறாயா?' என்று நான் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பென்சில் வரிக்குப் பிறகு கேட்டதே இல்லை. வருடத்தின் முதல் நாளே சொல்லிவிடுவேன்: உயிர்கள் எப்படி மாறின என்பதற்கு உலகத்தில் கிடைத்திருக்கிற ஆதாரத்தை இங்கே பார்ப்போம், அதை நீங்கள் புரிந்துகொண்டு எழுத வேண்டும். நீ எதற்காகப் பிறந்தாய், இறந்தபின் என்ன ஆவாய் என்பதற்கு என் பாடத்தில் பதில் இல்லை, அதை வீட்டில் பேசுங்கள். அதற்காகப் பாடத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்க மாட்டேன். 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள்' என்று மழுப்புவதும் பிள்ளைக்குச் செய்கிற துரோகம்தான், உயிரியலில் இதற்கு ஈடான இன்னொரு விளக்கம் கிடையாது.

2023இல், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் புத்தகம் போடுகிற மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள், 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்டும் பத்தாம் வகுப்பில் அது திரும்ப வரவில்லை. சி.பி.எஸ்.இ.யில் படிக்கிற என் அண்ணன் மகள் பதினொன்றில் காமர்ஸ் எடுத்துவிட்டாள். இனி எந்த வகுப்பிலும் அவள் அதைப் படிக்கப் போவதில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது அவள் கையை மடக்கச் சொல்லி மணிக்கட்டைக் காட்டினேன். அரை மணி நேரம் விடாமல் கேள்வி கேட்டாள். நம் மாநிலப் புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது, அதை இரண்டு பீரியடில் முடித்துவிடாதீர்கள் என்று சக ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. 1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதர் செதுக்கிய ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், டார்வின் புத்தகம் வந்து நாலு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. அதே வருடம் செப்டம்பரில் எங்கள் பக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டி அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கிடைத்தன. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பல வருடம் அங்கே தோண்டி, கீழ் அடுக்கில் இருந்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் வெளியிட்டார்கள். கயிற்றில் 15 அடி. நம் இனம் மூன்று அடிதான். அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கியது நம் இனமே இல்லை, நமக்கு முந்திய வேறொரு மனித இனம். பிள்ளைகள் சைக்கிளில் போய் மீன் பிடிக்கிற இடத்தில் இது நடந்திருக்கிறது.

2019இல் பூண்டியில் தொல்லியல் துறை வைத்திருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். அந்தப் பாஸ்டரின் சின்னப் பெண் அப்போது என் வகுப்பில். அனுமதிக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா என்று பயந்துகொண்டே போன் செய்தேன், பழைய விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். ஏழு வருடம் கழித்து. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த மிஷனரி என்பதையும் சொன்னேன். எதையும் நிரூபிப்பதற்காகச் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. "அப்படியா டீச்சர்?" என்றார். வேனில் இடம் இருந்தால் தானும் வரலாமா என்று கேட்டார்.

வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கற்கோடரி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருடைய பெண் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அந்தக் கல்லைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இதைச் செஞ்சவங்க சாமி கும்பிட்டிருப்பாங்களா?"

கல் மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அத்திரம்பாக்கத்தில் அவர்களுடையது என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் மறுபடியும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம்.